பாட்டிலில் பிடித்த கசிவு நீர்

விவசாயிகள் சொந்தமாகக் கட்டிக்கொண்ட சிறு மண் அணைகளைப் பார்த்து அறிக்கை தருவது என் வேலை. பெரிய அணை என்றால் கசிவை அளக்கக் கருவி இருக்கும், பதிவேடு இருக்கும். இங்கே தண்ணீர் திறந்துவிடுகிறவர்தான் எல்லாம். அதனால் எங்கே போனாலும் முதலில் அவரைத் தேடிப் போய்விடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் அப்படி ஒருவர் என்னைக் கரையடிக்குக் கூட்டிப்போனார். "எப்பவும் ஊறுற இடம்தான் சார். நாலு நாளா நிறம் மாறியிருக்கு" என்றார்.

மண் கரை கசியத்தான் செய்யும். தெளிவாக, ஒரே அளவில் வரும்வரை பயமில்லை. கலங்கி வந்தால் கரை மண்ணும் கூடவே வருகிறது என்று பொருள். வெளிப்பக்கம் தொடங்கும் புழை தேங்கிய நீரை நோக்கி நீண்டுகொண்டே போகும். அமெரிக்காவின் இடாஹோவில் 90 மீட்டருக்கு மேல் உயரமிருந்த டீட்டன் மண் அணையில் 1976 ஜூன் 5 காலை கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

குடிநீர் பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து ஒரு கல்லின் மேல் வைத்தோம். பத்து நிமிடத்தில் மேலே தெளிந்து, அடியில் மாவு போல மண் படிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். கரையின் அதே செம்மண்.

அப்புறம் கலிங்குக்குப் போனோம். உபரி நீர் வழிய வேண்டிய இடத்தில் மணல் மூட்டை அடுக்கி, அரை மீட்டர் கூடுதலாகத் தேக்கியிருந்தார் உரிமையாளர். ஒரு ஹெக்டேர் பரப்பில் அரை மீட்டர் என்றால் 5,000 டன் தண்ணீர். கடைசி நனைப்புக்குத் தண்ணீர் போதாமல் பயிர் காய்வதைப் பார்த்தவர் அவர். அந்த ஆசை எனக்குப் புரிந்தது. வாதாடாமல் கரை மேல் நிறுத்தி, கீழே தெரிந்த வீடுகளை எண்ணச் சொன்னேன். கென்யாவின் சோலாயில் 2018 மே 9 இரவு இதேபோல் ஒரு தனியார் பண்ணை அணை உடைந்து, கீழே இருந்தவர்களில் 40 பேருக்கு மேல் இறந்ததையும் சொன்னேன். பதினொரு வீடு வரை எண்ணினார். பிறகு அவரே ஆளைக் கூப்பிட்டார்.

மூட்டைகளை ஒவ்வொரு வரிசையாகத்தான் எடுத்தோம். மட்டம் சட்டென்று இறங்கினால், நனைந்த உள்சரிவு நீரின் தாங்கல் போய்ச் சரிந்துவிடும். கசிவின் வாயை அடைக்கவும் கூடாது. தண்ணீர் வேறு வழி தேடும். அதன் மேல் மணலும், அதற்கு மேல் சரளையும் பரப்பினோம். மண் தங்கிவிடும், நீர் மட்டும் வெளியேறும்.

நாலு நாளாகப் பார்த்தும் ஏன் மூட்டையில் கை வைக்கவில்லை என்று தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் கேட்டேன். "முதலாளி சொல்லாம எப்படி சார் எடுக்கிறது?" என்றார். அறிக்கையின் முதல் பரிந்துரையாக அதைத்தான் எழுதினேன்: கசிவு கலங்கினால் யாரையும் கேட்காமல் கலிங்கைத் திறக்கவும் மதகை இயக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். உரிமையாளர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, மதகின் சாவியை அவரிடம் கொடுத்தார்.