எத்தனை செயலிகள் போதும்?

கணினியில் கணக்குப் போடும் பகுதியான செயலி (பிராசஸர்) ஒவ்வொன்றும் எவ்வளவு வல்லது என்பதை முடிவு செய்யாமல், பல செயலிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்யும் இணைக் கணினியில் எத்தனை செயலிகள் வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை. இதற்கு, டேனி ஹில்லிஸின் திங்கிங் மெஷின்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உருவாக்கிய கனெக்‌ஷன் மெஷினைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பத்து லட்சம் செயலிகள் என்பதே ஹில்லிஸின் தொடக்கக் கனவு. முதல் இயந்திரத்தில் அமைந்தவை 65,536. ஒரு சிப்புக்கு 16 செயலிகள் வீதம் 4,096 சிப்புகள் இருந்தன. ஒவ்வொரு சிப்பும் வேறு 12 சிப்புகளுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருந்ததால், எந்தச் சிப்பிலிருந்தும் எந்தச் சிப்புக்கும் 12 தாவல்களுக்குள் போய்விடலாம். ஆனால் செயலிகளை இரட்டிப்பாக்க நினைத்தால், எல்லாச் சிப்புகளுக்கும் பதின்மூன்றாவது இணைப்பு ஒன்று தேவைப்படும். சிப்புகளுக்கிடையே போகும் செய்திகள் காத்திருக்கும் இடம் சிப்புக்கு ஏழு வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். 1983 கோடையில் திங்கிங் மெஷின்ஸில் வேலை பார்த்த இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன், ஐந்தே போதும் என்று சமன்பாடு போட்டுச் சொன்னார். முதலில் அதை ஒதுக்கிவைத்தவர்கள், ஏழு வைத்தால் சிப்பு தயாரிக்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும் என்று தெரிந்தபின் ஐந்துக்கே இறங்கி வந்தனர்; இயந்திரமும் ஒழுங்காக ஓடியது.

ஒவ்வொரு செயலியும் ஒரு நேரத்தில் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, மட்டுமே கையாளும். அதற்கு உரிய நினைவகமோ வெறும் 4,096 பிட்டுகள். 256-க்கு 256 புள்ளிகள் கொண்ட படமென்றால் புள்ளிக்கொரு செயலி கச்சிதமாகப் பொருந்தும். அறிவியலாளர்களின் தசமக் கணக்குகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. எனவே 1987-இல் வந்த அடுத்த இயந்திரத்தில் 32 செயலிகளுக்கு ஒன்று வீதம் தசமக் கணக்குச் சிப்பைச் சேர்த்தனர். கணக்குப் போடுபவருக்கு அது உண்மையில் 2,048 செயலிகள் கொண்ட இயந்திரம்தான். 1991-இல் அறிவிக்கப்பட்ட, இதே வரிசையின் சிஎம்-5 இயந்திரம், ஒரு பிட் செயலிகளையே கைவிட்டு, வல்லமை மிக்க ஸ்பார்க் செயலிகளுக்கு மாறியது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1,024 செயலிகளுடன் நிறுவப்பட்ட சிஎம்-5, 1993 ஜூனில் வெளியான உலகின் அதிவேகக் கணினிகளின் முதல் டாப்500 பட்டியலில் முதலிடம் பெற்றது.

குறைவான செயலிகளே மேல் என்றும் நான் சொல்லவில்லை. வேலையில் 5 விழுக்காடு மட்டும் செயலிகளுக்கிடையே பிரிக்க முடியாததாக இருந்தாலும், கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்தின்படி 64 செயலிகள் தருவது ஏறத்தாழ 15 மடங்கு வேகம். 1,024 செயலிகளும் 20 மடங்கைத் தொடாது. ஆயினும் 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் கஸ்டஃப்ஸனும் அவர் குழுவினரும், இயந்திரத்துக்கு ஏற்பக் கணக்கையும் பெரிதாக்கி, 1,024 செயலிகளில் ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம் காட்டினர். தன் கணக்கு அப்படி வளரக்கூடியதா என்பதை இயந்திரம் வாங்குபவர்தான் சொல்ல வேண்டும். விற்பவரால் சொல்ல முடியாது.