கறுப்புக் கரையின் மேலே: ரீயூனியன் தீவில் ஒரு ஹெலிகாப்டர் பயணம்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பொழுது ஏற ஏற மலைச்சரிவுகளை மேகம் மூடிவிடும் என்பதால், நாங்கள் காலை ஏழு மணிக்கே மேற்குக் கரையின் ஹெலிகாப்டர் தளத்தில் காத்திருந்தோம். ஒவ்வொருவரையும் எடை பார்த்த பிறகே இருக்கை ஒதுக்கினார்கள். எனக்கு விமானிக்குப் பக்கத்து இடம் கிடைத்தது. சாலையே இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கைக் கடந்து பறந்த அந்த முதல் கால் மணி நேரத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல விரும்புவது தென்கிழக்குக் கரையைப் பற்றி.

அந்தக் கரையை உருவாக்குவது 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை. 2007 ஏப்ரலில் அதன் அடிச்சரிவில், கடலுக்கு அருகிலேயே பிளவு திறந்து குழம்பு வெளியேறியது. அதனால் உச்சிக்குக் கீழே குழம்பு தேங்கியிருந்த அறை காலியாக, தாங்குவதற்கு ஒன்றுமில்லாத தொலோமியூ எரிமலைவாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே சரிந்தது. அந்தக் குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு கடலை நோக்கி இறங்கியபோது, ‘பெரிதாய் எரிந்த நிலம்’ என்று பொருள்படும் கிரான் புரூலே சரிவு முழுவதும் கண்முன் விரிந்தது.

கீழே சாலையில் போகிறவருக்கு அது ஒரு கறுப்புப் பாறைவெளி மட்டுமே. மேலிருந்து பார்க்கும்போதுதான், ஒவ்வொரு குழம்பும் எங்கே புறப்பட்டு, எந்த மேட்டை ஒதுக்கி, எந்த இடத்தில் கடலைத் தொட்டது என்பதையும், எது முந்தியது எது பிந்தியது என்பதையும் நிறத்தைக் கொண்டே அறிய முடிகிறது. புதிய பாறை கன்னங்கரேலென்று கிடக்கிறது. நாளடைவில் அதன்மேல் நரைத்த முடியைப் போன்ற லைக்கன் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி) படர்கிறது; பிறகு பெரணி, அதன்பின் புதர், கடைசியில் காடு. இவ்வளவு விரைவாகப் பசுமை திரும்புவதற்குக் காரணம் மழைதான்: இதே எரிமலையின் மேற்சரிவிலுள்ள ஃபோக் ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருக்கிறது. இன்னும் தெற்கே, 1986-இல் குழம்பு கடலுக்குள் நீண்டு புதிய நிலமாக உறைந்த புவேன்ட் தெ லா தாப்ளின் விளிம்பை அலைகள் இப்போதே அரித்துக்கொண்டிருந்தன.

இந்தக் கரை என்னை இவ்வளவு ஈர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைத் தாங்கும் புவித்தட்டு, இந்த எரிமலைக்கு ஊற்றான வெப்பப்புள்ளியின் (பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடம்) மேல் நகர்ந்தபோது பொங்கிய குழம்புதான் இன்றைய தக்காணப் பாறை அடுக்குகள் என்று புவியியலாளர்கள் கருதுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் மலைப்படிகளில் நான் மிதித்து நடந்த கல்லுக்கும், அன்று கீழே கறுத்துக் கிடந்த பாறைக்கும் ஊற்று ஒன்றே என்ற நினைவு, அந்தச் சில நிமிடங்கள் முழுவதும் என்னை விட்டு நீங்கவில்லை.

பிறகு கரும்பு வயல்களின் மேலாகச் சேன் பியேர் நகரைக் கடந்து, பவளத்திட்டு அரணாக நிற்கும் வெளிர்நீலக் காயலை ஒட்டித் திரும்பினோம். மறுநாள் வாடகைக் காரில் மீண்டும் தென்கிழக்கே சென்றேன். 2007-இன் குழம்பு கடலைத் தொட்ட இடத்தில் அள்ளிய கருமணலில், ஆலிவின் என்ற எரிமலைக் கனிமத்தின் படிகங்கள் பச்சையாக மினுங்கின.