நளதீர்த்தத்தில் இன்னொரு வாளி

பாம்பன் பாலத்தில் ரயில் ஏறியதும் அப்பா எழுந்து வாசலோரம் போய் நின்றார். அது தாத்தா நிற்கிற இடம். தை அமாவாசைக்கு முந்தின நாள் ராமேஸ்வரம் போகும்போதெல்லாம், பாலம் முடிகிற வரைக்கும் தாத்தா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தது 1914-ல் திறந்த பழைய பாலம். நாங்கள் இந்த முறை கடந்தது 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு பகுதி அப்படியே மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். அதற்கு முந்தின நவம்பரிலேயே, 92 வயதில், தாத்தா போய்விட்டார். தலைத்திவசம் முடிந்து நாங்கள் வரும் முதல் தை அமாவாசை இது.

தாத்தா ராணுவத்தில், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் 24 வருஷம் இருந்தவர். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் சேப்பர்களின் வேலை. அந்தப் படைக்காரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பது வயதிலும் பழைய சிநேகிதர் போன் செய்தால் தாத்தா "சொல்லு தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார். பாட்டிக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும்.

ராமாயணத்தில் அவருக்குப் பிடித்தவன் நளன். விசுவகர்மாவின் மகன், சேது கட்டிய வானரன். வால்மீகி கணக்குப்படி முதல் நாள் 14 யோசனை தூரம், அப்புறம் 20, 21, 22, 23. ஐந்து நாளில் நூறு யோசனை. சின்ன வயதில் எனக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்ததே இந்தக் கணக்கை வைத்துத்தான். "நாளுக்கு நாள் வேலை கூடுது பார். களைச்சுப் போகலை. அவன்தான்டா முதல் சேப்பர்" என்பார்.

அவர் முதன்முதலாக ராமேஸ்வரம் வந்தது 1972-ல். பாகிஸ்தானோடு நடந்த போர் முடிந்து லீவில் வந்தவர், வீட்டில் இரண்டு நாள்கூடத் தங்காமல் இங்கே கிளம்பிவிட்டாராம். பாட்டிக்கு அப்போது கோபம். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து, நான் காலேஜ் படிக்கும்போது, அக்னி தீர்த்தக் கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

1971 டிசம்பர் 15 ராத்திரி, பாகிஸ்தானின் சக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரை. எதிரி புதைத்த கண்ணிவெடிகளை எடுத்து, நம் டாங்கிகள் போகப் பாதை போட வேண்டும். பசந்தரில் அந்த வேலையைச் செய்தது மெட்ராஸ் சேப்பர்களின் 9-வது ரெஜிமென்ட். அதில் தாத்தாவும் ஒருவர். மேலே குண்டு விழுந்துகொண்டிருக்க, கீழே குப்புறப் படுத்து, ஒரு கம்பியால் மண்ணைத் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். கம்பியைச் சாய்வாகத்தான் விட வேண்டும், நேராகக் குத்தக்கூடாது. அவர் கரை மணலில் விரலால் அதைச் செய்து காட்டினார். ஆள்காட்டி விரல் சாய்ந்து உள்ளே போனது, நின்றது, மெல்லத் திரும்பியது. மணல் கலையவே இல்லை.

அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. தரையில் உட்காருவதற்கு முன்னால் வலது உள்ளங்கையை விரித்து மண்ணில் ஒரு நிமிஷம் வைப்பார். வயல் வரப்பு, கல்யாண மண்டபம், கோயில் பிராகாரம், எங்கே என்றாலும் அப்படித்தான். மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்றைக்கு அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "எடுத்ததுக்குக் கணக்கு இருக்கு. அதால பிழைச்சவங்க இன்னிக்கும் எனக்குப் போன் பண்றாங்க. ஆனா நான் புதைச்சதும் உண்டு. அதுல கால் வெச்சவன் யாரு, அவன் ஊர் எது, அவனுக்குப் பிள்ளை உண்டான்னு எனக்குத் தெரியாது. ஜெயிச்சுட்டு வந்த ராமனே இங்க வந்து ராவணனுக்காக லிங்கம் வெச்சுப் பாவம் தீர்த்துக்கிட்டான். நான் எம்மாத்திரம்?"

அந்தப் பாகிஸ்தான்காரர்கள் வழக்கத்தில் எள்ளும் தண்ணீரும் கிடையாதே தாத்தா என்றேன். "என் வழக்கத்துல இருக்கே" என்றார்.

இந்த முறை தை அமாவாசைக் கூட்டம் விடியும் முன்பே கரையை நிரப்பியிருந்தது. அக்னி தீர்த்தத்தில் அலை இருக்காது, குளம் மாதிரிதான் கிடக்கும். அவ்வளவு பேர் முங்கி எழுந்தும் கடல் சத்தமே போடவில்லை. அப்பா முங்கிவிட்டு வந்து, தர்ப்பை பவித்திரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாஸ்திரிகள் மூன்று தலைமுறைப் பெயரும் கேட்டார். உயிரோடு இருந்த வரைக்கும் பெயர் சொல்லும் இடத்தில் இருந்தவர், இப்போது சொல்லப்படும் பெயராகிவிட்டார். முதல் பெயராகத் தாத்தாவின் பெயரைச் சொல்லும்போது அப்பாவின் குரல் கம்மிவிட்டது. சாஸ்திரிகள் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கூட்டத்தில் அது பெரிய விஷயம்.

தர்ப்பணத்தின் கடைசியில் ஒரு மந்திரம் வரும். தாய் இல்லாதவர், தந்தை இல்லாதவர், பந்து இல்லாதவர், அவர்கள் எல்லோரும் நான் விடும் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் எழுந்திருக்கும் அவசரத்தில் அது ஓடிப்போய்விடும். தாத்தா அங்கேதான் நிதானமாவார். உள்ளங்கை நிறையத் தண்ணீர் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, அது கடைசிச் சொட்டு வரைக்கும் வடியும்படி விடுவார். அப்பாவும் அப்படியே விட்டார். ஒரு தரம் விட்டதும் சொம்பை என்னிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். ஊற்றினேன்.

அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்றுத் திண்டில் நின்று வாளியால் இறைத்து ஊற்றுகிறவர்களின் வேகம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். கயிறு சர்ரென்று போகும், மறு நிமிஷம் தலையில் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு குளிர்ச்சி, ஒரு ருசி. நளனுக்கும் இங்கே ஒரு தீர்த்தம் இருக்கிறது, பக்கத்திலேயே நீலனுக்கும். நளதீர்த்தத்தில் மட்டும் தாத்தா "இன்னொரு வாளி ஊத்துங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். நானும் கேட்டேன். மேலே நின்றவர் எதுவும் கேட்காமல் ஊற்றினார். பிரம்மஹத்தி விமோசன தீர்த்தத்தில் அப்பா நகராமல் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் அவர் தோளைத் தொடவில்லை.

ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போகக்கூடாது. உடை மாற்றிக்கொண்டு வரிசையில் நின்றோம். அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் இங்கே முதல் பூஜை. நேரத்துக்கு வந்து சேர முடியாமல் போனவன் மனம் நோகக்கூடாது என்று ராமன் வைத்த ஏற்பாடு. அதன் பிறகு ராமலிங்கம், சீதை கடற்கரை மண்ணைக் கையால் பிடித்துவைத்த லிங்கம். தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு கணம் தெரிந்தது. கூட்டம் தள்ளிவிட்டது.

பர்வதவர்த்தினி அம்மனைப் பார்த்துவிட்டு மூன்றாம் பிராகாரத்துக்கு வந்தோம். 1212 தூண்கள், கண் போகும் தூரம் வரைக்கும். வழக்கமாக நாங்கள் உட்காரும் தூணடிக்கு அப்பா போனார். உட்காரக் குனிந்தவர், வலது உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர் கையை எடுத்த இடத்தில் நானும் வைத்தேன். யாரோ நனைந்து போன கால்தடத்தின் ஈரத்தோடு கல் சில்லென்று இருந்தது.