வாங்கிய டொமைனுக்கு நிஜமாக எத்தனை பேர் வருகிறார்கள்?

ஆத்தங்குடியில் எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. காரைக்குடிக் கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று முடிவானபோது, புதுப் பெயர் எடுக்காமல், ஏற்கெனவே ஆள் வந்துபோகிற பழைய டொமைனாக (வெப்சைட் முகவரியாக)ப் பார்த்து வாங்கினேன். செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக முன்பு யாரோ நடத்திய தளம். விற்றவர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார்: 30 நாளில் 3,100. அதை நம்பித்தான் விலை பேசினோம்.

டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிற டிஎன்எஸ்ஸை எங்கள் ஹோஸ்டிங்குக்கு மாற்றி, நாலு படத்தோடு ஒரே ஒரு பக்கம் போட்டு, வருகிறவர்களை எண்ணுகிற கூகுள் அனலிட்டிக்ஸின் டிராக்கிங் கோடையும் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஹோஸ்டிங் பேனல் 1,140 என்கிறது, அனலிட்டிக்ஸ் 38 என்கிறது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கொடுத்தது அப்பாவின் காசு.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற மச்சான்தான், "பேனலை விடுங்க மாப்ளே, லாக் ஃபைலைத் திறங்க" என்றார்.

திறந்தேன். சர்வர் தன்னிடம் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதிவைக்கிற பதிவு அது. வரிக்கு வரி ஐபி எண் (வந்தவரின் இணைய முகவரி), நேரம், கேட்ட பக்கம், சர்வர் சொன்ன பதில், எங்கிருந்து வந்தது, எந்த பிரவுசர் என்று எல்லாம் இருக்கிறது. விடியற்காலை 3.12-க்கு ஒரு வரி: கேட்டது வேர்ட்பிரஸ் என்கிற தள மென்பொருளின் லாகின் பக்கம், பதில் 404, அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை. நாங்கள் வேர்ட்பிரஸே போடவில்லை! அடுத்த வரியில் அதே ஐபி, அதே நொடி, இன்னொரு ஃபைல். வீடு வீடாகப் பூட்டை ஆட்டிப் பார்க்கிற பாட், தானாக ஓடுகிற புரோகிராம் அது. அப்புறம் தேடுபொறிகளின் பாட்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் சின்னப் படம் தெரிகிறதே, அதற்காக வாட்ஸ்அப் வந்துபோன வரிகள். கூகுள்பாட் என்று பெயர் போட்டிருந்தாலே நம்பிவிடக் கூடாது. அந்த ஐபியை வைத்துப் பெயரைத் தேடினால் கூகுள்பாட்.காம், கூகுள்.காம் போன்ற கூகுளின் சொந்தப் பெயர்களில் முடிய வேண்டும். அந்தப் பெயரை வைத்துத் தேடினால் திரும்ப அதே ஐபி வர வேண்டும்.

மனிதர் ஒருவர் ஒரு முறை திறந்தால்கூட ஏழு வரி விழுகிறது: பக்கம், நாலு படம், ஸ்டைல் ஃபைல், மேலே தெரிகிற சின்ன ஐகான். பேனல் காட்டிய 1,140 இந்த வரிகளின் கணக்கு. நான்தான் அதைத் தலைக்கணக்கு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் டைல்ஸைக் கண்ணாடிமேல் சாயம் ஊற்றித்தான் செய்வோம்; ஊற்றியதையெல்லாம் அப்பா எண்ண மாட்டார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்து, காய்ந்து, மூலை உடையாமல் அடுக்கிய கல்லைத்தான் எண்ணுவார். அதே மாதிரி நானும், பக்கத்தோடு படங்களையும் இறக்கியவர்களை மட்டும் எண்ண ஆரம்பித்தேன்.

அதற்காக 38-ம் சரியில்லை. அனலிட்டிக்ஸ் எண்ணுவதற்கு பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட வேண்டும்; ஆட் பிளாக்கர் போட்டவர்கள் பலர் விடுபட்டுப் போவார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை 404-ல் இருந்தது. பழைய தளத்தில் கானாடுகாத்தான் ஊரைப் பற்றி இருந்த பக்கத்துக்கு இன்னும் வேறு தளங்களில் லிங்க் இருக்கிறது. அதைத் தொட்டு வந்தவர்கள் 404-ல் முட்டித் திரும்பியிருக்கிறார்கள், அந்தப் பக்கத்தில் டிராக்கிங் கோட் வைக்கவில்லை. போதாததற்கு, முன்னால் மூன்று டபிள்யூ போட்டு வந்தவர்களுக்குத் தளமே திறக்கவில்லை. அந்தப் பெயரை நான் திருப்பவே மறந்திருந்தேன். அவர்கள் லாகிலும் இல்லை, அனலிட்டிக்ஸிலும் இல்லை. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் எண்ணிக்கைக்கு ஒரு அர்த்தம் வந்தது.

ஐபியை வைத்து ஆளை எண்ணுவதை விட்டுவிட்டேன். மொபைல் நெட்டில் ஒரே ஐபிக்குப் பின்னால் பல பேர் இருப்பார்கள். ஒரே ஆளுக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நாங்கள் திறப்பது கணக்கில் சேராமல் இருக்கக் கடை ஐபியை ஃபில்டரில் போட்டேன், ரவுட்டர் அணைந்து எரிந்தால் ஐபி மாறிவிடலாம் என்பதால் அதையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் குடும்ப குரூப்பில் லிங்க் போட்ட ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். அன்று வந்தது சொந்தபந்தம்.

இப்படி முழுசாக நாலு வாரம் பார்த்தேன். அனலிட்டிக்ஸில் 204. லாகில் பாட்களைக் கழித்தபின் சுமார் 260. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. "மாசம் இருநூறு சொச்சம்பா" என்று அப்பாவிடம் சொன்னேன்.

பழைய டொமைன் வாங்குகிறவர்கள் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்து விலை பேசாதீர்கள். தள உரிமையாளர்களுக்கு கூகுள் தருகிற சர்ச் கன்சோலில் பார்வையிட அனுமதி கேளுங்கள். கூகுள் தேடலிலிருந்து எத்தனை கிளிக், எந்தச் சொல்லுக்கு என்று 16 மாதம் வரைக்கும் அதில் பார்க்கலாம். ஒரு வாரத்து லாகும் கேளுங்கள். எனக்கு வந்த 3,100, பார்க்கிங் பக்கத்தில் (தளம் இல்லாதபோது டொமைனில் போட்டுவைக்கிற தற்காலிகப் பக்கம்) விழுந்த மொத்த ஹிட்ஸ், அதாவது கோரிக்கைகளின் கணக்கு என்று பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

அந்த இருநூறில் பாதிப் பேருக்கு மேல் பழைய வீட்டுத் தரைகளைப் பற்றிய பக்கத்தைத் தேடித்தான் வருகிறார்கள். பழைய தளங்களின் நகல்களைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷினில் அதைப் பார்த்தேன். முழுக்க எங்கள் ஊர்க் கல். அவர்களை முகப்புக்குத் திருப்பிவிடாமல், அதே முகவரியில் கல் எப்படிச் செய்கிறோம் என்று என் சொந்த வார்த்தையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயம் ஊற்றுகிற படத்தை நாளைக் காலை வெளிச்சத்தில் எடு என்று அப்பா சொல்லியிருக்கிறார்.