ஹை பார்க்கில் ஒரு இரும்பு வேலி

ஐஸ் மேல் புதுப்பனி கொட்டிக் கிடந்தால் எது பாதை, எது பள்ளம் என்பதைக் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். டொரண்டோ ஹை பார்க்கில் தட்டுத் தடுமாறி, தெற்குப் பக்கம் கோல்போர்ன் லாட்ஜ் என்கிற பழைய வீடு வரைக்கும் நடந்துவிட்டேன்.

ஓக் மரங்கள் சிலதில் காய்ந்த இலை இன்னும் உதிரவில்லை. காற்றடித்தால் சலசலவென்று ஒரே சத்தம்.

லாட்ஜுக்குப் பக்கத்தில், அந்த வீட்டில் வாழ்ந்த ஜான் ஹோவர்ட், ஜெமைமா தம்பதியின் கல்லறை. அங்கே இருக்கும் இரும்பு வேலியைப் பார்க்க வேண்டும். கனத்த வார்ப்பிரும்பு, இடுக்கெல்லாம் பனி. கையுறையைக் கழற்றித் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது.

லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தைச் சுற்றி நின்ற வேலியின் மிச்சம் அது. ஹோவர்டுக்காக அதைக் கொண்டுவந்த கப்பல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மூழ்கியது. மீட்ட பகுதிதான் இங்கே நிற்கிறது.

கல்லறைக்கு இவ்வளவு மெனக்கெட்ட மனுஷன் (கட்டடக் கலைஞர், வேறெப்படி இருப்பார்!) இந்தப் பூங்காவாகிவிட்ட தன் நிலத்துக்கு வேலி போட்டு வைத்துக்கொள்ளவில்லை. 1873-இல் நகரத்துக்கே எழுதிக் கொடுத்தார். மக்கள் என்றென்றும் இலவசமாக வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. சும்மாவும் கொடுக்கவில்லை, ஆயுள் முழுக்க ஆண்டுத்தொகை பேசிக்கொண்டார். அந்தக் கணக்கும் எனக்குப் பிடித்திருக்கிறது.

மே மாதம் செர்ரிப் பூவுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

திரும்பும்போது மப்ளர் சுற்றிய ஒரு யாழ்ப்பாணத்து ஐயா மறித்தார்.

"தம்பி, உள்ள போக டிக்கெட் எடுக்கோணுமோ?"

"இல்லை ஐயா, ஃப்ரீதான்."

"அப்ப நாளைக்கு மனுசியையும் கூட்டிக்கொண்டு வாறன்."