முதலில் நீட்டிய கை

பைபிளில் மத்தேயு 14-ஆம் அதிகாரத்தில், இயேசுவிடம் போகத் தண்ணீர்மேல் நடந்த அவருடைய சீடர் பேதுரு மூழ்குகிற இடத்தை என்னால் சும்மா வாசித்துக் கடக்க முடியாது. கலிலேயாக் கடலில் மீன்பிடித்தே வளர்ந்த மனிதர், காற்றைப் பார்த்துப் பயந்து அமிழத் தொடங்கியதும் நீளமாக ஜெபமெல்லாம் செய்யவில்லை, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று அலறினார், அவ்வளவுதான். இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். ஏன் சந்தேகப்பட்டாய் என்ற கேள்வி அப்புறம்தான், பிடித்த பிறகுதான்! இந்த வரிசை எனக்கு உயிர்.

முதலில் நம்மைச் சரிசெய்துகொண்டு பிறகு இயேசுவிடம் போகலாம் என்று எத்தனை பேர் தள்ளிப்போடுகிறார்கள். லூக்கா 23-இல் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அதற்கு ஏது நேரம்? ஞானஸ்நானம் இல்லை, காட்டுவதற்கு ஒரு நற்கிரியை இல்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான். அன்றைக்கே பரதீசு, அதாவது பரலோக வாழ்வு.