ஒட்டினால் ஒரு சொல்

சிறுகதைப் போட்டிக்கு 30 நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். 29 நாட்கள் கதையை யோசித்தேன். யோசித்தேன் என்பது நான் சொல்வது. வீட்டில் அதற்கு வேறு பெயர். கடைசி நாள் மாலை ஆறு மணிக்குத்தான் முதல் வரி வந்தது. நள்ளிரவு 12 மணிக்குள் மின்னஞ்சல் போயாக வேண்டும்.

"1866இல் தஸ்தயேவ்ஸ்கி ஒரு நாவலையே 26 நாட்களில் முடித்துக் கொடுத்தார், தெரியுமா?" என்று மனைவியிடம் பெருமை பேசினேன். அந்த ரஷ்ய எழுத்தாளர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் அன்னா என்ற இளம்பெண் என்பதையும், மறு ஆண்டே அவரை மணந்துகொண்டார் என்பதையும் சொல்லவில்லை. நேரம் சரியில்லை.

பத்தரை மணிக்குக் கதை முடிந்தது. எண்ணிப் பார்த்தால் 2,410 சொற்கள். விதிப்படி 2,000தான், அதுவும் தலைப்பு உட்பட.

முதல் பலி மாமா. நல்ல மனிதர்தான், ஆனால் வளவளவென்று பேசுவார். அவரைத் தூக்கியதில் 270 சொற்கள் குறைந்தன. மகளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"அப்பா, இவன் தனியாகத்தானே இருக்கிறான்? 'என்ன மாப்பிள்ளை, தூக்கம் வரவில்லையா?' என்று கேட்பது யார்?"

ஆள் போன பிறகும் குரல் மூன்று இடங்களில் மிஞ்சியிருந்தது. பேய்க்கதை என்று அனுப்பிவிடலாமே என்றாள். அவற்றையும் வெட்டியபின் 2,120.

மணி 11.20. இனி வெட்டினால் கதாநாயகனே போய்விடுவான். அப்போதுதான் கண் திறந்தது. கணினிக்குத் தமிழ் தெரியாது, இடைவெளிதான் தெரியும். 'வந்து கொண்டிருந்தான்' இரண்டு சொல், 'வந்துகொண்டிருந்தான்' ஒன்று. 'போய் விட்டாள்', 'பார்த்து விட்டு' என்று கண்ணில் பட்ட துணைவினைகளையெல்லாம் பிடித்து ஒட்டினேன். சேர்த்து எழுதுவதுதான் முறை என்று இலக்கணப் பற்று வேறு பொங்கியது. சென்ற ஆண்டு, குறைந்தது 3,000 சொற்கள் வேண்டும் என்ற இடத்துக்கு இதே வினைகளைப் பிரித்துப் பிரித்து அனுப்பியவனும் நான்தான்.

11.56க்கு 1,999. எழுந்து கைதட்டப் போனேன். தலைப்பு வைக்கவில்லை.

மனதில் இருந்தது 'யாரும் வராத மாலை'. மூன்று சொல். கையிருப்பு ஒன்று.

'யாரும்வராதமாலை' என்று அடித்து அனுப்பினேன். பின்னால் நின்ற மகள், "மாலை என்றால் பொழுதா, பூவா அப்பா?" என்றாள்.